கடைசித் தட்டு

என் மாமியாருக்கு எல்லோருக்கும் பட்டப்பெயர் வைக்கிற வியாதி ரொம்ப நாளாக உண்டு. சர்க்கரை வியாதி அதற்குப் பின்னால் வந்ததுதான். பால் போடுகிறவருக்கு 'நாளைக்கு' என்று பெயர். எதைக் கேட்டாலும் தள்ளிப்போடுகிற தன் சொந்த மகனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, 'அப்புறம்'. எனக்கும் ஒன்று இருக்கிறது, அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே பெரிய டாக்டருக்கு 'அவசரம்' என்றும் வார்டு நர்ஸுக்கு 'போலீஸ்' என்றும் வைத்துவிட்டார்.

அத்தை, வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஒரு விடுதியில் சமையல்காரி. மாமனார் போன பிறகு கைக்குழந்தையோடு அந்தச் சமையலறைக்குக் காய் நறுக்கப் போனவர், மெல்ல மெல்ல அடுப்பு, மளிகை அலமாரிச் சாவி, வார்டனின் காது என்று எல்லாவற்றையும் தன் வசமாக்கிக்கொண்டார். விடுதிப் பெண்களுக்கு அவர் மெஸ் அம்மா. யாருக்குக் காரம் ஆகாது, யார் வேலை போன கவலையில் சோற்றை அளைந்துகொண்டிருக்கிறாள், யாரோடு சண்டை போட்டு யார் வேறு மேஜைக்கு மாறிவிட்டாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை. வீட்டில் ஸ்டூல் வாங்கிப் போட்டால் அதன்மேல் டப்பாக்களை அடுக்கி வைத்தார்.

அப்படி நிற்கிற காலுக்குத்தான் வினை வந்தது. புதுச் செருப்பின் வார் உரசிக் கட்டைவிரலுக்குக் கீழே புண்ணாகியிருக்கிறது. சர்க்கரையால் பாதம் பாதி மரத்துப்போயிருந்ததால் முதலில் அவருக்கே தெரியவில்லை. தெரிந்த பிறகும், ஏன் நொண்டுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் எல்லாம் ஒன்றுமில்லை என்றே சொல்லியிருக்கிறார். என் கண்ணில் பட்டபோது விரல் கறுத்திருந்தது. பாதம் வீங்கிப் பளபளத்தது. நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

'அவசரம்' டாக்டர் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். கெட்டுப்போன சதையை ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும். அதற்குச் சர்க்கரை ஒரு நிலைக்கு வர வேண்டும். அது வராமல் தள்ளிப்போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், இன்னும் தள்ளிப்போனால் முன்பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எப்போது அடுப்படிக்குப் போகலாம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். டாக்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஆனால் சர்க்கரை ஒரு நிலைக்கு வந்தபாடில்லை. தினமும் மத்தியானம் திடீரென்று பாதாளத்துக்குப் போகும். அத்தைக்கு வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். பதறிப்போய் குளுக்கோஸ் கொடுப்பார்கள். சாயங்காலம் அது கூரையைத் தொடும். இன்சுலின் அளவைக் குறைத்தால் ராத்திரி இன்னும் ஏறும். மயக்க மருந்து டாக்டர் வந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், நாளைக்குப் பார்க்கலாம் என்பார். அவருக்கும் 'நாளைக்கு' என்றே பெயர் வைத்திருக்கலாம், ஆனால் அத்தைக்கு அந்தத் தெம்பு அப்போது இல்லை.

நர்ஸ்கள் ஒவ்வொரு தடவையும் கேட்கத்தான் செய்தார்கள், சாப்பிட்டாச்சா அம்மா என்று. அத்தையும் ஆச்சு என்றுதான் சொன்னார். வேர்த்து விட்ட நேரத்தில் போய்ப் பார்த்தால் தட்டும் காலியாகத்தான் இருந்தது. அதனால் சந்தேகம் என் பக்கம் திரும்பியது. வீட்டிலிருந்து வேறு ஏதாவது மாத்திரை, வேர், பொடி என்று ரகசியமாகக் கொடுக்கிறேனா என்று டாக்டர் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பார்வையாளர் நேரமே சாயங்காலம்தான், பகலில் நான் அச்சகத்தில் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன், என்னத்தை எப்போது கொடுப்பது? என்ன நடக்கிறதென்று நானே ஒரு நாள் நேரில் பார்த்துவிடலாம் என்று அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு, மத்தியான வேளையில் வார்டில் இருக்க அனுமதி வாங்கினேன்.

'போலீஸ்' சிஸ்டரை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். அவர் நம் ஊர்க்காரர் இல்லை. வேலைக்கு இங்கே வந்த பிறகுதான் நம் பாஷையைக் கற்றுக்கொண்டாராம். நன்றாகவே பேசினார், ஆனால் அந்தப் பேச்சில் வளைவு நெளிவு எதுவும் கிடையாது. மற்ற நர்ஸ்கள் எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று சொல்லி ஊசி போடுவார்கள். இவர் வலிக்கும், அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போடுவார். கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை கண்ணை எடுக்க மாட்டார். அத்தை வைத்த பெயர் பொருத்தமானதுதான்.

கதவோரம் அத்தையின் கட்டில். அதனால் அவருக்குத்தான் முதல் இன்சுலின் ஊசி, அரைமணி கழித்து முதல் தட்டு. சாப்பாட்டு வண்டி கதவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் கொடுத்துக்கொண்டே போய், கடைசியாக ஜன்னலோரத்தில் படுத்திருந்த டீச்சரிடம் முடியும். டீச்சர், பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருந்தார். இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகிக்கொண்டிருந்ததால் ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போடலாம். ஊட்டி விட யாரையும் விடமாட்டார். அத்தைக்குத் தட்டு வந்ததும் என்னைக் கீழே மருந்துக்கடைக்குப் போய்க் கட்டுத்துணி வாங்கி வரச் சொன்னார்கள். கடையில் நல்ல கூட்டம். திரும்பி வந்து கதவைத் தள்ளும்போதே சிஸ்டரின் குரல் கேட்டது.

"சாப்பிட்டாச்சுன்னு சொன்னீங்க. மூடியைத் திறந்து பார்த்தா சோறு அப்படியே இருக்கு. ஏன் பொய் சொன்னீங்க?"

வார்டில் அத்தனை கரண்டியும் நின்றுவிட்டது. ஊரே தன் பரிமாறலைப் புகழ்ந்து கேட்ட பெண்மணி, இத்தனை பேர் நடுவில் பொய்க்காரி ஆகிவிட்டார். அத்தை போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். உடம்பு நடுங்குவது போர்வைக்கு மேலேயே தெரிந்தது. சிஸ்டர் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து நீட்டினார். அத்தை வாங்கவில்லை. நான் வாங்கி நீட்டியதும் குடித்தார். குடித்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார்.

"என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. கால் போனாப் போகட்டும்."

தலைகீழாக நின்று பார்த்தேன். கெஞ்சினேன், திட்டினேன், என் வீட்டுக்காரரைப் போனில் பேச வைத்தேன். அவரும் தன் பெயருக்கேற்றபடி, அப்புறம் பேசலாமே அம்மா என்றார். அத்தை மசியவில்லை. காலையில் டிஸ்சார்ஜ் என்று முடிவே செய்துவிட்டார். வீட்டுக்குக் கூட்டிப் போனால் அந்தப் பாதம் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். பாதி பாதத்தோடு அவர் அந்தச் சமையலறையில் நிற்க முடியாது, நிற்காமல் அவரால் இருக்கவும் முடியாது.

எல்லாக் கோபத்தையும் சேர்த்துக்கொண்டு 'போலீஸை' ஒரு பிடி பிடிப்பது என்று வராந்தாவுக்குப் போனேன். அவர் வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார், தான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று. முகத்தில் அப்படி ஒரு கலக்கம். எனக்குச் சண்டை போடுகிற எண்ணமே போய்விட்டது.

பொய் என்கிற வார்த்தைதான் சிஸ்டர் என்றேன். எங்கள் பக்கம் யார் பார்த்தாலும் சாப்பாடு ஆச்சா என்று கேட்பார்கள், கேட்டவருக்குச் சிரமம் தரக்கூடாதென்று ஆச்சு என்று சொல்லிவிடுவோம், அதைப் போய் யாரும் மூடியைத் திறந்து பார்க்க மாட்டார்கள் என்று விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

"அப்போ சாப்பிடலைன்னா என்ன சொல்லுவீங்க?"

நான் யோசித்தேன். "அதுக்கும் ஆச்சுன்னுதான் சிஸ்டர் சொல்லுவோம்."

முதல்முறையாக அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய ஊரில் கையில் சாப்பாடு வைத்திருப்பவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்பாராம். இல்லை என்றால் உடனே தட்டு வரும், ஆச்சு என்றால் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் அவர் இத்தனை நாளும் எங்கள் பதிலை அப்படியே நம்பியிருக்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்த மற்ற நர்ஸ்களும் நம்பித்தான் எழுதிக்கொண்டார்கள். அன்றைக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுக்கச் சீக்கிரம் வந்ததால்தான் மூடி போட்ட தட்டு அவர் கண்ணில் பட்டது. ஊசி போட்ட பிறகு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? ஆனால் இன்னொன்று அவருக்குப் புரியவில்லை. தட்டு எப்படியும் கடைசியில் காலியாகிறது, பசி இருக்கிறது, சாப்பாட்டின்மேல் வெறுப்பும் இல்லை. அப்படியென்றால் எதற்காகக் காத்திருக்கிறார்?

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டிலும் அத்தை எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டின் முன்னால் உட்காருவார். சொட்டுகிற குழாய்ச் சத்தம் வீட்டுக்காரர்கள் காதில் விழாத மாதிரி, அதுவும் எங்கள் கண்ணில் படாமல் போய்விட்டது. அதைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கூடவா என்று சிஸ்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, நீங்களே கேளுங்கள் என்றேன். ஆனால் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள் என்றேன்.

மறுநாள் காலையில் நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அத்தை கட்டிலில் கால் நீட்டி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, புறப்படத் தயாராக இருந்தார். சிஸ்டர் வந்தார். எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் சொன்ன வார்த்தை தப்பும்மா. எல்லார் முன்னாடியும் சொன்னது அதைவிடத் தப்பு. மன்னிச்சுக்கோங்க."

அத்தை சுவரைப் பார்த்து "ம்" என்றார். சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. உங்கள் மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாடு எப்படி நடக்கும், எனக்குச் சொல்கிறீர்களா என்று கேட்டார். அத்தைக்கு மெஸ்ஸைப் பற்றிக் கேட்டால் போதும், காய்ச்சலில்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார். சுவரைப் பார்த்தே ஆரம்பித்தார். மணி அடிக்கிறது, முதல் பந்தி, அலுவலகத்துக்குத் திரும்ப ஓடுகிறவர்கள், பாத்திரத்தை எப்படிச் சாய்த்து வைத்தால் கடைசிவரை சூடு நிற்கும், எல்லாம் வந்தது. எப்போது எங்கள் பக்கம் திரும்பினார் என்பதே தெரியவில்லை.

நீங்கள் எப்போது உட்காருவீர்கள் என்று சிஸ்டர் நடுவில் ஒரு கேள்வி போட்டார். அத்தை நிறுத்தினார். பிறகு, எனக்கே தெரியாத ஒன்றைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மழை ராத்திரி. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, பானையில் இருந்ததைத் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். அப்போது இரண்டாம் ஷிப்ட்டிலிருந்து ஒரு பெண் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றிருக்கிறாள். கவிழ்த்து வைத்த பானையைப் பார்த்தாள், இவர் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். வெளியிலேயே சாப்பாடு ஆச்சு அக்கா என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மேலே அவள் பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கிற சத்தம் கீழே கேட்டதாம்.

"அன்னையிலேர்ந்து என் தட்டு கடைசித் தட்டு சிஸ்டர். சமைச்சவ முன்னாடி உட்கார்ந்தா கடைசி ஆளுக்கு இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? அந்த டீச்சரம்மா கரண்டியைக் கீழே வைக்கற வரைக்கும் எனக்கு ஒரு வாய் இறங்காது. எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்தேன். இறங்கல."

இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்றுதான் யாரிடமும் சொல்லவில்லையாம். டீச்சர் கரண்டியை வைத்ததும் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வாராம். அதற்குள் நேரம் கடந்துவிட்டிருக்கும், வேர்வை வந்துவிடும். இங்கே சமைத்தது நீங்கள் இல்லையே அத்தை என்று என் நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளையாக விழுங்கிவிட்டேன். சிஸ்டரும் அதைச் சொல்லவில்லை. நல்ல பழக்கம், கெட்ட பழக்கம் என்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அப்போ ஊசிதான் தப்பான நேரத்துல வருது" என்றார்.

டாக்டரிடம் போய்ப் பேசினார். டாக்டர் முதலில், முன்னாடியே சாப்பிடச் சொல்லுங்கள், முடிந்தது விஷயம் என்றாராம். சொன்னால் சரி என்பார், ஆனால் சாப்பிட மாட்டார் என்று சிஸ்டர் விளக்கியிருக்கிறார். 'அவசரம்' கொஞ்சம் யோசித்து, அரைமணிக்கு முன்னால் போட வேண்டிய மருந்துக்குப் பதிலாகச் சாப்பிடுகிற நேரத்திலேயே போடக்கூடிய மருந்தை எழுதிக் கொடுத்தார். அந்த மனுஷனை நான் மனதுக்குள் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொண்டேன். சமையல் பகுதியில் பேசி, டீச்சரின் தட்டு முதலில் வர ஏற்பாடு செய்தார் சிஸ்டர். வண்டி இனி ஜன்னலிலிருந்து கதவுக்கு வரும். அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தனக்காக ஒருத்தி காத்திருப்பது டீச்சருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் அவசரப்பட்டுப் புரையேறிவிடும். சிஸ்டர் தலையாட்டினார். அவரும் ஒரு நிபந்தனை போட்டார். அவர் வந்து கேட்கும்போது, இன்னும் சாப்பிடவில்லை என்றால் இல்லை என்றே சொல்ல வேண்டும். அந்தப் பதிலை நம்பி, சாப்பிட உட்காரும்போதுதான் ஊசி.

கால் போனால் போகட்டும் என்று சொன்ன அத்தைக்கு, அந்த ஒரு வார்த்தைதான் மலையாக இருந்தது. முதல் நாள் சிஸ்டர் வந்து கேட்டதும் பழக்க தோஷத்தில் 'ஆச்' வரை வந்துவிட்டது. நான் முறைத்தேன். அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ கைமாற்றுக் கேட்கிற மாதிரி மெல்ல, "இன்னும் இல்ல சிஸ்டர்" என்றார். முகம் காது வரை சிவந்துவிட்டது. சரி, காத்திருக்கலாம் என்று சிஸ்டர் போய்விட்டார். அங்கே டீச்சர் கரண்டியை வைத்துவிட்டு வாயைத் துடைத்தார். அத்தை கையைத் தூக்கினார், ஊசி வந்தது, தட்டின் மூடி திறந்தது. நிதானமாக உட்கார்ந்து, மென்று சாப்பிட்டார். காய் சரியாக வேகவில்லை என்று குறைகூடச் சொன்னார். அன்று வேர்க்கவில்லை. சாயங்காலம் கூரையைத் தொடவும் இல்லை. மறுநாளும் அப்படியே. மயக்க மருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்காமல் சரி என்றபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆபரேஷன் அன்று வெளியே பெஞ்சில் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். அவர் அன்று ஒன்றையும் அப்புறம் என்று தள்ளிப்போடவில்லை. வண்டி ஓட்டுகிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு முதல் ஆளாக வந்திருந்தார். டாக்டர் வெளியே வந்து, இந்தத் தடவை அவசரப்படாமல் பேசினார். சதையை மட்டும் எடுத்தோம், எலும்பு நன்றாக இருக்கிறது, விரலை எடுக்கவில்லை, ஆறினால் நிற்கலாம் என்றார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான்தான் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அத்தையை வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தார். காலில் பெரிய கட்டு. 'போலீஸ்' சிஸ்டர் குனிந்து, வலிக்கிறதா அம்மா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். ஒன்றுமில்லை என்பார், நல்லாத்தான் இருக்கு என்பார், நீ போய் வேலையைப் பார் என்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுவருகிற பதில்தான். அத்தை சிஸ்டரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வலிக்குது சிஸ்டர்" என்றார். "கட்டைவிரல்தான் ரொம்ப வலிக்குது."

போய்விடும் என்று சொன்ன விரல். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகிறேனே என்று வெட்கமாகக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம். சிஸ்டர் வலி மருந்து எடுக்கப் போனார்.